நன்மை வாங்குனா என்ன பலம் கிடைக்குது? நற்கருணையப் பத்தி கத்தோலிக்கர் சொல்றத அடிப்படைல இருந்து பாப்போம்

2025 செப்டம்பர் 7ஆம் தேதி வத்திக்கான்ல போப் பதினாலாம் லியோ ரெண்டு பேருக்குப் புனிதர் பட்டம் குடுத்தார். ஒருத்தர் கார்லோ அகுட்டிஸ், 2006ல 15 வயசுல லுக்கீமியா வந்து இறந்துபோன இத்தாலிப் பையன். இன்னொருத்தர் பியர் ஜார்ஜியோ ஃப்ரஸ்ஸாத்தி, 1925ல 24 வயசுல போலியோவுல போனவர். செய்தி எல்லாமே அகுட்டிஸ் ஜீன்ஸ் போடுவார், கம்ப்யூட்டர் தெரியும், மில்லினியல் தலைமுறைல இருந்து வந்த முதல் புனிதர், இப்படியே ஓடுச்சு. ஆனா அந்தப் பையன் தன்னப் பத்தி சொன்னது வேற, நற்கருணைதான் (பூசைல குடுக்குற அப்பம்) நான் சொர்க்கத்துக்குப் போற ஹைவேன்னு சொன்னார், தினமும் பூசைக்குப் போனார். ஃப்ரஸ்ஸாத்தியும் தினமும் நன்மை வாங்குன, அதாவது அந்த அப்பத்த வாங்கிச் சாப்பிட்ட ஆளு.

இங்கதான் நிறைய பேருக்குக் குழப்பம். மெல்லிசா, ரூபா காசு சைஸ்ல, உப்பும் இல்லாம இனிப்பும் இல்லாம ஒரு கோதுமை அப்பம், அத வாங்கி வாயில போட்டா என்ன பலம் வரும்? மத்தவங்க கேக்குறது இது. கத்தோலிக்கர் வெளிய கேக்காம உள்ளுக்குள்ள கேட்டுக்குற கேள்வி வேற ஒண்ணு இருக்கு: வாராவாரம் வாங்குறேனே, எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதே, அப்ப பலம் எங்க? ரெண்டு கேள்விக்கும் வேர் ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன், பலம்னாலே உள்ள ஏதோ ஜிவ்வுனு ஏறணும்னு நாம எடுத்துக்குறோம். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்லவே இல்ல. என்ன சொல்லுதுன்னு ஒண்ணொண்ணா பாப்போம்.

1. முதல்ல வார்த்தைங்க

ஒரே விஷயத்துக்குத் தமிழ்ல ஏகப்பட்ட பேரு இருக்கு, பாதி குழப்பம் இதுலயே வந்துடுது.

1) திருப்பலி, அதாவது பூசை: முழுச் சடங்குக்கும் பேரு. வாசகம், பிரசங்கம், அப்பத்தையும் (திராட்சை) ரசத்தையும் ஒப்புக்குடுக்குறது, அப்புறம் நன்மை, எல்லாம் சேர்த்து.

2) நற்கருணை: அர்ச்சிக்கப்பட்ட அப்பமும் ரசமும். அந்தக் காலத்து ஜெபப் புஸ்தகத்துல "தேவ நற்கருணை"ன்னு இருக்கும்.

3) நன்மை வாங்குறது: அத உட்கொள்றது. முதல் தடவை வாங்குனா புதுநன்மை. பெரியவங்க "பூசை கண்டியா, நன்மை வாங்குனியா"ன்னு ரெண்டு கேள்வியாத்தான் கேப்பாங்க, ஏன்னா பூசை கண்டுட்டு நன்மை வாங்காம வர்றதும் உண்டு.

4) நற்கருணைப் பேழை: மிச்சம் இருக்குற அப்பத்தப் பூட்டி வைக்கிற பெட்டி, பக்கத்துல எப்பவும் ஒரு விளக்கு எரியும்.

5) வழியுணவு: சாகப்போறவங்களுக்குக் குடுக்குற நன்மை. இதக் கடைசியில பாப்போம்.

புராட்டஸ்டண்ட் சபைங்கள்ல திருவிருந்து, இராப்போஜனம்னு சொல்றது இதே கடைசி இரா உணவுல இருந்து வந்ததுதான், ஆனா அந்த அப்பம் என்னவா இருக்குங்கிறதுல சபைக்குச் சபை விளக்கம் மாறும்.

2. அந்த அப்பம் என்ன ஆகுது

கத்தோலிக்க நம்பிக்கை ஒரே வரிதான். குருவானவர் இயேசு கடைசி இரவுல சொன்ன வார்த்தைகள அப்பத்து மேலயும் ரசத்து மேலயும் சொல்லும்போது அது கிறிஸ்துவோட உடலும் இரத்தமுமா மாறிடுது. பாத்தா அப்பம், ருசிச்சா அப்பம், லேப்ல குடுத்தாலும் கோதுமைன்னுதான் ரிசல்ட் வரும், வெளித்தன்மை எதுவும் மாறல, அது என்னவா இருக்குங்கிற உட்பொருள்தான் மாறுச்சு. இதுக்கு டிரான்ஸப்ஸ்டான்சியேஷன்னு பேரு, 1215ல நாலாவது லாத்தரன் சங்கம் (ஆயர்கள், அதாவது பிஷப்புங்க கூடி முடிவெடுக்குற மாநாடு) அந்தச் சொல்ல எடுத்துச்சு, 1551ல திரிதெந்து சங்கம் உறுதியா வரையறுத்துச்சு. சொல்லுதான் பின்னாடி வந்தது, நம்பிக்கை ரொம்பப் பழசு, 2ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ரோமுக்குச் சாகப்போற வழியில எழுதுன கடிதத்துல இந்த அப்பத்த "சாகாமைக்கு மருந்து"ன்னு சொல்லிட்டார்.

கத்தோலிக்கர் எல்லாருமே இத நம்புறாங்களான்னா அதுவும் இல்ல. 2019ல அமெரிக்காவுல பியூ ஆய்வு மையம் கேட்டப்ப அங்க உள்ள கத்தோலிக்கர்ல 31 சதவீதம் பேர்தான் அது நிஜமாவே உடலும் இரத்தமுமா மாறுதுன்னு சொன்னாங்க, மத்தவங்க பெரும்பாலும் அடையாளம்னு சொல்லிட்டாங்க. அங்க ஆயர்களுக்கு அது பெரிய ஷாக், மூணு வருஷத்துக்கு நற்கருணை மறுமலர்ச்சின்னு ஒரு திட்டம் போட்டு 2024 ஜூலைல இண்டியானாபோலிஸ் ஃபுட்பால் ஸ்டேடியத்துல தேசிய மாநாடே நடத்துனாங்க. இந்த மாற்றத்த நம்பாம பலத்த மட்டும் பேசுனா கணக்கு உதைக்கும், ஏன்னா இவங்க சொல்ற பலம் அப்பத்துல இருந்து வரல, அப்பமா வர்ற ஆள்கிட்ட இருந்து வருது.

3. பலம்னா எந்த மாதிரி பலம்

பழைய ஏற்பாட்டுல எலியா கதை இருக்கு, 1 அரசர்கள் 19ஆம் அதிகாரம். ராணி ஈசபேல் கொல்லத் தேடுறா, மனுஷன் பாலைவனத்துக்குள்ள ஓடி ஒரு சூரைச்செடி அடியில உக்காந்து "போதும் ஆண்டவரே, உயிர எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் படுத்துடுறார். தூதர் வந்து தட்டி எழுப்பி சாப்பிடுன்னு சொல்றார், பாத்தா தணல்ல சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணியும் இருக்கு. சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துடுறார்! அதுதான் அந்தக் கதைல எனக்குப் பிடிச்ச இடம். ரெண்டாவது தடவை எழுப்பி "சாப்பிடு, நீ ரொம்ப தூரம் போகணும்"னு சொல்றார் தூதர், சாப்பிட்டு அந்த பலத்துல 40 நாள் ராத்திரி பகலா ஓரேபு மலை வரைக்கும் நடந்து போறார். நற்கருணையப் பத்திப் பேசுறவங்க காலங்காலமா இந்தக் கதைய எடுக்குறதுக்குக் காரணம் இருக்கு, ஈசபேல் மாறல, பாலைவனம் சுருங்கல, எலியாவுக்கு மனசு லேசாச்சுன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. நடந்தார், அவ்வளவுதான்.

13ஆம் நூற்றாண்டுல தாமஸ் அக்குவினாஸ்ங்கிற இறையியல் அறிஞர் இத இன்னும் அழகாப் பிரிச்சார். சாப்பாடு உடம்புக்கு என்னென்ன செய்யுமோ அதெல்லாம் நற்கருணை ஆன்மாவுக்குச் செய்யுதுன்னு சொல்லிட்டு நாலு வேலை சொல்றார்:

1) உயிரத் தாங்கிப் பிடிக்குது.
2) வளர வைக்குது.
3) தேஞ்சுபோனத ஈடு கட்டுது.
4) சந்தோஷம் குடுக்குது.

நாலாவதா வர்ற சந்தோஷத்த மட்டும்தான் நம்மாளு பலம்னு பிடிச்சுக்குறான், மத்த மூணும் கண்ணுக்கே தெரியாம நடக்குற வேலை. மூணு வேளை சோறு சாப்பிடுறோம், ஒவ்வொரு உருண்டைக்கும் தெம்பு ஏறுதான்னு யாராவது பாக்குறோமா, ஆனா பத்து நாள் சாப்பிடாம இருந்தா தெரிஞ்சுடும்.

இப்ப உள்ள கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் (சபையோட அதிகாரப்பூர்வ போதனைப் புஸ்தகம்) இதே வழிலதான் போகுது, அது சொல்ற பலன்கள சுருக்கமா சொன்னா இப்படி வரும். கிறிஸ்துவோட ஒட்டுறவு இறுகுது. அன்றாடம் செய்யுற அற்பப் பாவங்கள் கழுவப்படுது. சாவான பாவத்துல, அதாவது கடவுளோட உறவையே அறுத்துடுற பெரிய பாவத்துல விழாம இருக்க எதிர்ப்புச் சக்தி வருது. ஒரே அப்பத்துல பங்கு வாங்குறவங்க ஒரே உடலா ஆகுறாங்க. கடைசியா, ஏழைங்க விஷயத்துல ஒரு கடமை தலைல ஏறுது. ஒண்ணு கவனிங்க, சாவான பாவத்தக் கழுவுறதுக்கு இது இல்ல, அதுக்குப் பாவசங்கீர்த்தனம் (குருவானவர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்குறது) இருக்கு. செத்த உடம்புக்குச் சாப்பாடு குடுத்துப் பிரயோஜனம் இல்லைங்கிற மாதிரி, பெரிய பாவத்தோட இருக்குறவங்க முதல்ல பாவசங்கீர்த்தனம் செஞ்சுட்டுத்தான் நன்மை வாங்கணும்னு சபைச் சட்டம்.

சாப்பாடு உவமை ஒரு இடத்துல தலைகீழாப் போகுது, அத அகுஸ்தினார்ங்கிற பழைய காலத்து ஆயர் பிடிச்சிருக்கார். மத்த சாப்பாட்ட நாம தின்னா அது நம்ம உடம்பா மாறிடும், இந்தச் சாப்பாடு மட்டும் தின்னவனத் தன்ன மாதிரி மாத்தும்.

4. சரி, ஒண்ணுமே தோணலன்னா?

இதுக்கு மதர் தெரசா கதைய விட நல்ல பதில் எனக்குத் தெரியல. அவங்க இறந்து பத்து வருஷம் கழிச்சு, 2007ல அவங்களோட தனிப்பட்ட கடிதங்கள் வெளிவந்துச்சு, படிச்சவங்க ஆடிப்போயிட்டாங்க. கொல்கத்தாவுல வேலைய ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல இருந்து கிட்டத்தட்ட 50 வருஷம், நடுவுல சின்ன இடைவெளியத் தவிர, கடவுள் இருக்குற உணர்வே இல்லாம இருட்டுல இருந்திருக்காங்க. அதே 50 வருஷமும் தினமும் காலைல பூசை, தினமும் நன்மை, 1973ல இருந்து அவங்க சபை முழுக்கத் தினமும் ஒரு மணி நேரம் நற்கருணை ஆராதனை (நற்கருணைக்கு முன்னாடி உக்காந்து ஜெபிக்கிறது). ஒண்ணும் தோணாம வாங்குன அந்த அப்பத்த வச்சுத்தான் அந்த அம்மா தெருவுல கிடந்தவங்களத் தூக்குனாங்க, புழு வச்ச புண்ணத் துடைச்சாங்க. இது அவங்க பிடிவாதம்தான், அப்பம் இல்லன்னு ஒருத்தர் சொல்லலாம், சொல்லட்டும், ஆனா உணர்ச்சி இருந்தாத்தான் பலம்னு இதுக்கப்புறம் சொல்ல முடியாது.

சபை இத ரெண்டு பாதியா விளக்குது.

முதல் பாதி: அருட்சாதனம் (நற்கருணை மாதிரி அருள் குடுக்குற சடங்கு) தானா வேலை செய்யும், குருவானவர் நல்லவரா கெட்டவராங்கிறதுல அது நிக்கல. பூசை வைக்கிற சாமியார் மேல உங்களுக்குக் கோவம் இருக்கலாம், அது நியாயமான கோவமாவே இருக்கலாம், அதனால அப்பம் வெறும் அப்பமாயிடாது.

ரெண்டாவது பாதி: பலன் எவ்வளவு கிடைக்கும்ங்கிறது வாங்குறவன் மனநிலையப் பொறுத்தது. மழை எல்லா வீட்டு முற்றத்துலயும்தான் பெய்யுது, கவுத்து வச்ச குடத்துல என்ன நிக்கும்? இயேசுவோட தூதர் பவுல், கடிதத்துல கொரிந்து ஊர்ச் சபைய வறுத்தெடுத்தது இதுக்காகத்தான். அங்க பணக்காரன் முன்னாடியே வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுக் குடிச்சுட்டு இருப்பான், கூலிவேலை முடிஞ்சு வர்றவனுக்கு ஒண்ணும் இருக்காது, அதுக்கப்புறம் எல்லாரும் சேர்ந்து ஆண்டவரோட அப்பம் பிட்பாங்க. நீங்க செய்யுறது நன்மை இல்ல, உங்களுக்கே தண்டனைத் தீர்ப்பு, அதனாலதான் உங்கள்ல பலபேரு பலவீனமாவும் நோயாவும் கிடக்குறீங்கன்னு எழுதுறார். ஆக நற்கருணையால பலவீனம் வரலாம்ங்கிறதும் பைபிள்ல இருக்கு, இத நம்ம பிரசங்கங்கள்ல அவ்வளவா கேக்க முடியாது.

5. மூணு துளி ரசம்: வியட்நாம் ஜெயில்ல நடந்தது

கொள்கை எல்லாம் சரி, இந்த பலம் ஒரு மனுஷன்கிட்ட எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல போய்ப் பாக்கணும்னா பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் கதையப் பாக்கலாம்.

1975 ஏப்ரல் 24ல இவர சைகோன் மறைமாவட்டத்துக்கு இணைப் பேராயரா போப் ஆறாம் பவுல் நியமிச்சார். ஆறே நாள்ல, ஏப்ரல் 30ஆம் தேதி சைகோன் கம்யூனிஸ்ட் படைகிட்ட விழுந்துச்சு. இவர் தென் வியட்நாம் முன்னாள் ஜனாதிபதி நோ தின் தியெமோட அக்கா தங்கச்சி வழி மருமகன் வேற, கம்யூனிஸ்ட் அரசு விடுமா. ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் அன்னைக்குக் கைது. விசாரணையும் கிடையாது தீர்ப்பும் கிடையாது, 13 வருஷம் உள்ள, அதுல 9 வருஷம் தனிமைச் சிறை.

கட்டுன துணியோட கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் அவசியமான பொருள் கேட்டு வீட்டுக்கு எழுதிக்கலாம்னு விட்டாங்க. துணி, பற்பசை எல்லாம் எழுதிட்டு, வயித்துவலி மருந்துக்குக் கொஞ்சம் ரசம் அனுப்புங்கன்னு ஒரு வரி சேர்த்துட்டார். ஜனங்களுக்கு உடனே புரிஞ்சுடுச்சு, "வயித்துவலி மருந்து"ன்னு லேபிள் ஒட்டுன சின்ன பாட்டில்ல பூசை ரசம் வந்துச்சு, அப்பங்கள ஈரம் படாம ஒரு டார்ச் லைட்டுக்குள்ள ஒளிச்சு அனுப்பிட்டாங்க. போலீஸ் கூப்பிட்டு உனக்கு வயித்துவலியான்னு கேக்க, இவர் ஆமான்னு சொல்ல, இந்தா உன் மருந்துன்னு கைல குடுத்துட்டாங்க.

அதுக்கப்புறம் தினமும் உள்ளங்கைல மூணு துளி ரசம், ஒரு துளி தண்ணி. அதான் பாத்திரம், அந்தக் கைதான் பீடம், அதுதான் என் கதீட்ரல்னு அவர் பின்னாடி சொல்லிருக்கார். மூணு துளி போதுமான்னு சந்தேகம் வரும், போதும், அளவு முக்கியம் இல்ல, சின்னத் துணுக்குலயும் துளியிலயும் முழுக் கிறிஸ்துதான் இருக்கார்னு சபை போதனை. நம்ம கோயில்கள்ல பெரும்பாலும் அப்பம் மட்டும் குடுக்குறதும் இதே காரணத்தாலதான், பாதி நன்மைனு ஒண்ணு இல்ல.

முகாமுக்கு மாத்துனப்ப 50 50 பேரா பிரிச்சு ஒரே நீளப் படுக்கைல போட்டாங்க, ஆளுக்கு 50 செண்டிமீட்டர் இடம். ஐஞ்சு கத்தோலிக்கர் இவர் பக்கத்துல படுக்குற மாதிரி இடம் மாத்திக்கிட்டாங்க. ராத்திரி ஒம்பதரைக்கு விளக்க அணைச்சுடணும், அந்த இருட்டுல குனிஞ்சு உக்காந்து மனப்பாடமா பூசை சொல்லி, கொசுவலைக்கு அடியில கைய நீட்டி நன்மை குடுப்பார். சிகரெட் பாக்கெட்டுக்குள்ள இருக்குற தாளச் சின்னப் பையா மடிச்சு அதுல மிச்ச நற்கருணைய வச்சு சட்டைப் பாக்கெட்ல வச்சுக்குவாங்க. வாரத்துக்கு ஒரு தடவை எல்லாக் குழுவையும் அரசியல் பாடத்துக்கு ஒண்ணா உக்கார வைப்பாங்க, நடுவுல பிரேக் விடும்போது அந்தப் பொட்டலம் மத்த குழுக்களுக்குக் கை மாறும். ராத்திரி முறை வச்சு முழிச்சிருந்து ஜெபிச்சாங்க. கத்தோலிக்கர் மட்டும் இல்ல, பௌத்தரும் மத்தவங்களும் கூட இதப் பாத்து மாறுனாங்கன்னு அவர் சாட்சி சொல்றார்.

அந்த பலம் என்ன செஞ்சுச்சுன்னா, சுவரு இடியல, தண்டனை ஒரு நாள் கூட குறையல. தனிமைச் சிறைல புத்தி பேதலிச்சுடுமோன்னு பயந்த காலம் உண்டுன்னு அவரே சொல்லிருக்கார், அதனால பயம் போச்சுன்னும் சொல்ல முடியாது. ஆனா காவக்காரங்கள வெறுக்கல. வெறுக்காம பேசிப் பேசி அவங்க சிநேகிதமாயிட்டாங்க, காவல் இருக்குறவங்களயும் இந்த ஆளு கெடுத்துடுவார்னு அடிக்கடி ஆள மாத்த வேண்டிய நிலைமை அதிகாரிகளுக்கு. 1988 நவம்பர் 21ல விட்டாங்க. 2000ல போப் ரெண்டாம் ஜான் பாலுக்கும் வத்திக்கான் அதிகாரிகளுக்கும் தவக்காலத் தியானம் குடுத்தது இவர்தான், 2001ல கர்தினால், 2002ல புத்துநோய்ல இறந்தார். 2017ல வணக்கத்துக்குரியவர்னு அறிவிச்சாங்க, புனிதர் பட்டத்துக்கு முந்தின ஒரு படி அது.

6. கிடைக்காதப்ப தெரியுற அருமை

304ஆம் வருஷம், ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்துல, இப்ப துனீசியான்னு சொல்ற நாட்டுல அபித்தினாங்கிற ஊர்ல 49 பேர ஞாயித்துக்கிழமை ஒரு வீட்டுல கூடி நற்கருணை கொண்டாடுனதுக்காகப் பிடிச்சாங்க. கார்த்தேஜ்ல ஆளுநர் முன்னாடி நிறுத்தி, அரசாணை இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் உன் வீட்டுல கூட்டம் சேர்த்தன்னு எமெரித்துஸ்னு ஒருத்தரக் கேட்டப்ப, ஆண்டவரோடது (அந்த ஞாயித்துக்கிழமை நற்கருணைக் கூட்டம்) இல்லாம எங்களால முடியாதுன்னார். இருக்க மாட்டோம்னு இல்ல, முடியாது. கொன்னுட்டாங்க.

நம்ம பக்கமும் ஒரு கதை உண்டு. 1658ல டச்சுக்காரங்க யாழ்ப்பாணத்தப் பிடிச்சதும் கத்தோலிக்கக் குருக்கள விரட்டிட்டாங்க, ஒளிச்சு வச்சா தண்டனை. கிட்டத்தட்ட 30 வருஷம் பூசை இல்ல, நன்மை இல்ல, ஜனங்க வீட்டுக்குள்ள ஜெபம் சொல்லியே விசுவாசத்தக் காப்பாத்திட்டு இருந்தாங்க. 1687ல கோவால இருந்து ஜோசப் வாஸ்னு ஒரு குரு பிச்சைக்காரன் வேஷத்துல வந்து இறங்குறார், வந்ததும் வயித்துப்போக்குல சாகக் கிடந்தார், தேறுனதும் கழுத்துல பெரிய ஜெபமாலையத் தொங்கவிட்டுட்டு வீடு வீடா பிச்சை கேட்டார், எந்த வீட்டுல அந்த மாலையப் பாத்துக் கண்ணு நிக்குதோ அது கத்தோலிக்க வீடுன்னு கண்டுபிடிக்க. அப்புறம் சில்லாலைல தங்கி, ராத்திரி ராத்திரியா பூசை. மாட்டுனா என்ன ஆகும்னு தெரிஞ்சே ஜனங்க வந்தாங்க. 2015 ஜனவரி 14ல கொழும்புல போப் பிரான்சிஸ் அவரப் புனிதராக்குனார்.

2020 கொரோனாவுல நம்மளுக்கே லேசா புரிஞ்சுச்சு, டிவில பூசை ஓடுது, "ஆமென்" சொல்றோம், கைல ஒண்ணும் வரல. அப்ப எல்லாரும் பேசுன சொல்லு ஆன்மீக நற்கருணை, வாங்க முடியாத நிலைமைல வாங்கணும்னு ஆசைப்பட்டு ஜெபிக்கிறது. கொரோனாவுக்காக உண்டாக்குனது இல்ல, திரிதெந்து சங்கமே பேசுனதுதான், 18ஆம் நூற்றாண்டு அல்போன்ஸ் லிகோரி எழுதுன ஜெபத்தத்தான் நிறைய ஊர்ல சொன்னாங்க. அந்த ஆசைக்கும் பலன் உண்டுன்னு சபை சொல்லுது. அமேசான் காட்டுல பல கிராமத்துக்கு ஒரு குருவானவர் வர மாசக்கணக்காகும், அவங்களுக்கு இதுதான் எப்பவுமே நிலைமை, 2019 அமேசான் ஆயர் மாமன்றத்துல இதுதான் பெரிய விவாதமா போச்சு.

7. எத்தனை தடவை வாங்கலாம், ஏன் தாத்தா காலத்துல குறைச்சலா வாங்குனாங்க

இதுல சபை மனசு மாறுன வரலாறு இருக்கு. இடைக்காலத்துல ஜனங்க பயந்துபோய் வாங்குறதையே விட்டுட்டாங்க, 1215ல வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாங்குங்கன்னு சட்டம் போட வேண்டி வந்துச்சுன்னா பாத்துக்கோங்க. 17ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல ஜான்சனிசம்னு ஒரு கடும்போக்கு கிளம்பி, தகுதி வந்தப்புறம்தான் தொடணும்ங்கிற மாதிரி ஆக்கிடுச்சு. நற்கருணை நல்லவனுக்குக் குடுக்குற பரிசா, இல்ல பலவீனனுக்குக் குடுக்குற மருந்தாங்கிறதுதான் சண்டையோட சாரம். 1905 டிசம்பர்ல போப் பத்தாம் பத்திநாதர் (பயஸ்) மருந்துன்னு முடிவு சொன்னார், சாவான பாவம் இல்லாம நல்ல எண்ணத்தோட வர்ற யாரும் தினமும் வாங்கலாம். 1910ல குழந்தைங்களுக்கும் சுமார் 7 வயசுல குடுக்கலாம்னுட்டார். (அந்தப் புதுநன்மைய நாம இப்ப மண்டபம், ட்ரோன் கேமரா, பிரியாணின்னு மினி கல்யாணமா ஆக்கிட்டோம், அது பத்திநாதர் தப்பு இல்ல.)

உபவாசமும் தளர்ந்துச்சு. முன்னாடி நடுராத்திரில இருந்து பச்சைத்தண்ணி கூட கூடாது, 1953ல தண்ணி குடிக்கலாம்னாங்க, 1957ல மூணு மணி நேரம், 1964ல ஒரு மணி நேரம். இன்னைக்கும் அதுதான் சட்டம், நோயாளிக்கும் வயசானவங்களுக்கும் அதுவும் இல்ல.

தளராத விஷயமும் உண்டு: அப்பம் கோதுமைலதான் செய்யணும், அரிசில செஞ்சா செல்லாது. அரிசிச்சோறு திங்குற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்தான், ஆனா இயேசு எடுத்தது கோதுமை அப்பம்ங்கிறதுல சபை விட்டுக்குடுக்கல.

8. அந்த பலம் எங்க செலவாகணும்

சாப்பிட்ட தெம்ப வச்சு மறுபடி தூங்குறதுக்கு யாரும் சாப்பாடு போட மாட்டாங்க. ஃப்ரஸ்ஸாத்தி வீட்டுல அப்பா பெரிய பத்திரிகை முதலாளி, பையன் காலைல நன்மை வாங்கிட்டு துரின் சேரிக்குள்ள போய் நோயாளிங்களப் பாப்பார், ட்ராம் காச ஏழைங்களுக்குக் குடுத்துட்டு நடந்து வருவார். இறுதிச் சடங்குல தெரு நிறைய ஏழைங்க வந்து நின்னப்பத்தான் வீட்டுல உள்ளவங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. 4ஆம் நூற்றாண்டுல ஜான் கிறிசோஸ்தோம் பிரசங்கத்துலயே இது இருக்கு, கோயில்ல கிறிஸ்துவோட உடலப் பட்டுத்துணியால மூடி மரியாதை செஞ்சுட்டு வெளிய குளிர்ல அம்மணமா நிக்குற அதே கிறிஸ்துவக் கண்டுக்காம போகாதன்னார்.

9. இதுக்கெல்லாம் ப்ரூஃப் இருக்கா

லேப் ப்ரூஃப் இல்ல, சபை அப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லவும் இல்ல. அகுட்டிஸ் தொகுத்தது மாதிரி நற்கருணைப் புதுமைகள் (அற்புதங்கள்), அப்பம் சதையாச்சுன்னு சொல்ற இத்தாலி லான்சியானோ மாதிரி சம்பவங்கள், நிறைய பேருக்கு இதுதான் பிடிக்கும், வாட்ஸ்ஆப்ல சுத்துறதும் இதுதான். நம்பலாம், நம்பித்தான் ஆகணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல. என்னக் கேட்டா அத முன்னாடி தூக்கி வச்சா விஷயம் திசை மாறிடும், தினமும் கோடிக்கணக்கான கைகள்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியுற அந்தச் சாதா அப்பத்தப் பத்தித்தான் சபையோட பேச்சு.

தினமும் ஒரு சடங்கு, கூட நாலு பேரு, மனப்பாடமான ஜெபம், இதுவே மனுஷனத் தாங்கும், கடவுள் எதுக்குன்னு ஒருத்தர் கேட்டா அது நல்ல கேள்விதான். துவானுக்கும் அது உதவிருக்கும். கத்தோலிக்கர் அத மறுக்க வேண்டியது இல்ல, மனுஷ சுபாவத்தத் தள்ளிவிட்டுட்டு அருள் வேலை செய்யுறது இல்ல, அது வழியாத்தான் செய்யுதுன்னு அக்குவினாஸ் காலத்துல இருந்து சொல்லிட்டு வர்றாங்க. தனிமைச் சிறைல அந்த நாலு பேரும் இல்லையேங்கிறத மட்டும் சேர்த்து யோசிச்சுக்கோங்க.

10. வழியுணவு

லத்தீன்ல இதுக்கு வியாத்திக்கும்னு பேரு, பயணம் போறவனுக்குக் கட்டிக் குடுக்குற கட்டுச்சோறுன்னுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். எலியாவுக்குத் தூதர் சொன்னாரே, ரொம்ப தூரம் போகணும்னு, அதே கணக்கு.

வீட்டுல ஒரு பாட்டி கடைசிக் கட்டத்துல இருக்காங்கன்னா சாமியார் வர்றார்னு உபதேசியார் (கோயில்ல சாமியாருக்கு உதவியா இருக்குறவர்) வந்து சொல்லிடுவார், கட்டில் பக்கத்துல ஒரு சின்ன மேசை போட்டு வெள்ளைத்துணி விரிச்சு ஒரு சிலுவை, ரெண்டு மெழுகுதிரி, ஒரு டம்ளர்ல தண்ணி வச்சிருப்பாங்க. டிவிய நிறுத்திட்டு எல்லாரும் சுத்தி நிப்பாங்க. சாமியார் கழுத்துல தொங்குற பையில இருந்து சின்ன டப்பாவத் திறந்து அப்பத்த எடுத்து "கிறிஸ்துவின் உடல்"னு சொல்லுவார், பாட்டிக்கு "ஆமென்" சத்தமா வராது, உதடு மட்டும் அசையும். முழு அப்பம் விழுங்க முடியாதுன்னா நகக்கண் அளவு கிள்ளி ஒரு ஸ்பூன் தண்ணியோட குடுப்பாங்க.

இந்த இடத்துல சபைச் சட்டம் மத்த கட்டுப்பாட்டயெல்லாம் ஓரமா வச்சுடுது. ஒரு மணி நேர உபவாசம் பாக்க வேண்டாம். காலைல ஒரு தடவை வாங்கியிருந்தாலும் சாவு நெருங்குனா அன்னைக்கே மறுபடி குடுங்கன்னு சொல்லுது, ஆபத்து நீடிச்சா வேற வேற நாள்ல திரும்பத் திரும்பக் குடுக்கச் சொல்லுது. ரொம்ப நேரம் தள்ளிப் போடாதீங்க, நோயாளிக்கு முழு நினைவு இருக்கும்போதே குடுத்துடுங்கன்னும் அதே சட்டத்துல இருக்கு.